தட்டம்மையும் குழந்தைக் காசமும்

மணல்வாரி எனப்படும் தட்டம்மை வந்து போன குழந்தைக்கு அடுத்த சில மாதங்களில் காசம் தலைதூக்கக்கூடும் என்பது நூறாண்டு கடந்த மருத்துவக் கருத்து. தோலில் டியூபர்குலின் இட்டுக் காசத் தொற்றைக் கண்டறியும் முறையை 1907இல் அறிமுகப்படுத்திய வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே, அடுத்த ஆண்டே ஒரு விந்தையை எழுதினார். தொற்றுள்ள பிள்ளைகளுக்கும் தட்டம்மையின்போது தோலில் தடிப்பு எழுவதில்லை. சில நாள் கழித்துத்தான் அது திரும்புகிறது. காசக் கிருமியைச் சுற்றிவளைத்து அடக்கி வைத்திருக்கும் வெள்ளணுக்களைத் தட்டம்மை வைரஸ் தாக்குவதே இதற்குக் காரணம் என்பது பின்னாளில் தெரிந்தது.

திருநெல்வேலிச் சீமையில் அம்மை என்றாலே அம்மன் வரவு. முத்தாரம்மன் என்பதற்கு முத்தை ஆற்றுகிறவள் என்றே பொருள் சொல்வார்கள். தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகும் பிள்ளையைப் பொத்திப் பேணுவது காசத்தை நினைத்து வந்த வழக்கமல்ல; என்றாலும் அந்தக் கவனம் வீண் போகாது. குழந்தைக்குக் காசம் பெரும்பாலும் வீட்டுப் பெரியவரிடமிருந்தே தொற்றுகிறது. முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் மடியில் சுளகோடு பீடி சுற்றும் வீடுகளில், இருமுகிறவரும் தவழும் பிள்ளையும் ஒரே அறையில்தான். முதல் தொற்றில் நுரையீரலில் சிறு புண்ணும் அருகே நெறிகட்டும் உண்டாவதை மருத்துவர் ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ என்பார். தாய்மார் வாயில் அது நோயின் பெயராகவே ஆகிவிட்டது. மெலிந்து இருமும் பிள்ளைக்கெல்லாம் அந்த முத்திரை விழுவது சரியல்ல.

தட்டம்மையால் காசம் கூடுகிறது என்பதைப் பிந்தைய ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் சொல்லவில்லை. சத்துக்குறைவும் நெருக்கடியும் இரு நோய்க்கும் பொது என்பதால், எது எதைக் கிளப்பியது என்று பிரித்தறிவது கடினம். ஆனால் 2019இல் வெளியான ஆய்வொன்று, தடுப்பூசி போடாத நெதர்லாந்துக் குழந்தைகள் தட்டம்மைக்குப் பின் தம் பழைய எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை இழந்ததைக் காட்டியது.

தடுப்பூசிகளில் பி.சி.ஜி. குழந்தைகளுக்கு வரும் காச மூளைக்காய்ச்சலைப் பெருமளவு தடுக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்பதைச் செங்கல்பட்டில் 1968இல் தொடங்கிய பெரும் சோதனை காட்டிவிட்டது. தட்டம்மைத் தடுப்பூசி 1985இல் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. 2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடப்பட்டபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பல பெற்றோர் மறுத்தனர்.

இந்த ஊசியில் இருப்பதும் வலுவிழந்த உயிர் வைரஸ்தான். அதனால் காசத்துக்கான தோல் பரிசோதனையை ஊசி போடும் அன்றே செய்ய வேண்டும்; தவறினால் குறைந்தது 4 வாரம் தள்ளிப்போட வேண்டும். பிர்கே கண்ட விந்தையே இன்று இப்படி விதியாக நிற்கிறது.