எந்த வழியில் சீட் வாங்கினீர்கள் என்பதே உதவித்தொகையை முடிவு செய்யும்: கல்லூரிக் கட்டணம், கல்விக் கடன்... பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலேயே தனியார் கல்லூரிகளில் இருந்து போன் வரத் தொடங்கிவிடும். "இப்போதே அட்வான்ஸ் கட்டினால் கேட்ட பிரிவு உறுதி" என்பார்கள். கலந்தாய்வு வரை காத்திருக்கப் பயந்து பல குடும்பங்கள் நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிடுகின்றன. அந்த அவசரத்தில் கைவிட்டுப் போவது பல லட்சமாக இருக்கலாம். ஏனென்றால், தமிழ்நாட்டில் கிடைக்கும் பெரிய கல்வி உதவிகளில் பலவும் மார்க்கைவிட, மாணவர் எந்த வழியில் சேர்ந்தார் என்பதைத்தான் முதலில் பார்க்கின்றன.

கலந்தாய்வா, நிர்வாக ஒதுக்கீடா? வித்தியாசம் எவ்வளவு?

சுயநிதி பொறியியல் கல்லூரிகளுக்கான கட்டணத்தை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. 2017-ல் அந்தக் குழு நிர்ணயித்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு, கலந்தாய்வு மூலம் சேர்ந்தால் ஆண்டுக்கு அதிகபட்சம் ரூ.55,000. அதே வகுப்பில், அதே பெஞ்சில் நிர்வாக ஒதுக்கீட்டில் உட்காரும் மாணவருக்கு ரூ.87,000. நான்கு ஆண்டுக்கு வித்தியாசம் ரூ.1.28 லட்சம்.

இதோடு முடியவில்லை. குடும்பத்தில் இதுவரை யாருமே பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சலுகை உண்டு. சுயநிதி பொறியியல் கல்லூரியில் இது ஆண்டுக்கு ரூ.25,000. நான்கு ஆண்டில் ஒரு லட்சம். இதற்குச் சாதி வரம்பும் கிடையாது, வருமான வரம்பும் கிடையாது. ஆனால், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். ஆக, கலந்தாய்வைத் தவிர்த்த முதல் பட்டதாரி மாணவரின் குடும்பம் ரூ.2.28 லட்சத்தைக் கூடுதலாகச் சுமக்கிறது. ரசீது இல்லாமல் வாங்கும் நன்கொடை தனிக்கணக்கு. அப்படி வாங்குவது 1992-ம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி குற்றம் என்பது பலருக்கும் தெரியும், ஆனால் புகார் கொடுக்கத்தான் யாரும் முன்வருவதில்லை.

முதல் பட்டதாரி சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். குடும்பத்தில் ஒருவருக்குத்தான் சலுகை. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் முடித்திருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. கலந்தாய்வு நேரத்தில் தாலுகா அலுவலகங்களில் கூட்டம் அலைமோதும் என்பதால், ரிசல்ட்டுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு என்ன கிடைக்கும்?

6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்தில் 2020-ல் தொடங்கி, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் விரிந்தது. இதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும். தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய கல்வி உதவி வேறு இல்லை என்றே சொல்லலாம். இதில் இடம் கிடைக்கும் மாணவருக்குக் கடனே தேவைப்படாது.

கலை, அறிவியல் உள்ளிட்ட படிப்புகளில் சேரும் மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மாணவரின் பெயரில் இருக்க வேண்டும். அப்பா கணக்கு செல்லாது.

பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு?

பெற்றோர் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. இங்கேயும் அதே கதைதான். பட்டியலின மாணவர்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகளின்படி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்த உதவித்தொகை இல்லை. "முதலில் சேர்ந்துவிடுங்கள், ஸ்காலர்ஷிப் பிறகு வாங்கித் தருகிறோம்" என்று கல்லூரி வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பினால், இரண்டாம் ஆண்டில் தேர்வு எழுத ஹால் டிக்கெட் கேட்கும்போது மொத்தப் பாக்கியையும் கட்டச் சொல்வார்கள். எந்த ஒதுக்கீடு என்று சேர்க்கைக் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்விக் கடன்: அடமானம் கேட்டால்?

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி ரூ.4 லட்சம் வரை உங்கள் கையில் இருந்து முன்பணம் எதுவும் போட வேண்டியதில்லை. அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நீங்கள் போட வேண்டும். ரூ.7.5 லட்சம் வரையிலான கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாத நிதி இருப்பதால், அந்தத் திட்டத்தின் கீழ் வரும் கடனுக்கு வீட்டுப் பத்திரமோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்கக் கூடாது. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும், அவர்களின் சிபில் ஸ்கோரையும் வங்கி பார்க்கும். பழைய நகைக்கடன், டூவீலர் லோன் பாக்கி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்வது புத்திசாலித்தனம்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம் வித்யாலட்சுமி திட்டம், தரவரிசையில் முன்னணியில் உள்ள 860 கல்வி நிறுவனங்களில் தொடங்கியது. குடும்ப வருமானம் ரூ.8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு, ரூ.10 லட்சம் வரையிலான கடனில் படிப்புக் காலத்துக்கு 3 சதவீத வட்டி மானியம். வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்து தொழிற்கல்வி படித்தால் அந்தக் காலத்து வட்டி முழுவதையும் அரசே கட்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இதுவும் கிடையாது.

'படிக்கும்போது எதுவும் கட்ட வேண்டாம்' என்பது உண்மையா?

உண்மைதான், ஆனால் பாதி உண்மை. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் இஎம்ஐ கிடையாது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டில் ரூ.4 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம், மானியம் இல்லை. முதல் ஆண்டு வாங்கிய ஒரு லட்சத்துக்கு ஐந்து ஆண்டு தனிவட்டி ரூ.50,000. அடுத்தடுத்த லட்சங்களுக்கு ரூ.40,000, ரூ.30,000, ரூ.20,000. மொத்தம் ரூ.1.40 லட்சம். இஎம்ஐ தொடங்கும் நாளில் கடன் ரூ.5.40 லட்சம். பத்து ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் ரூ.7,140, கட்டி முடிக்கும்போது மொத்தம் சுமார் ரூ.8.56 லட்சம்.

அதே குடும்பம் படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் கட்டி வந்தால்? முதல் ஆண்டில் மாதம் ரூ.833, நான்காம் ஆண்டில் ரூ.3,333. இஎம்ஐ ரூ.5,290 அளவுக்குக் குறையும், மொத்தத்தில் சுமார் ரூ.80,000 மிச்சம். இப்படி ஒழுங்காக வட்டி கட்டுபவர்களுக்கு ஒரு சதவீதம் வட்டிச் சலுகையும் பல வங்கிகளில் உண்டு. மேனேஜர் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்க வேண்டும். வேலைக்குப் போன பிறகு, பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் எட்டு ஆண்டு வரை கல்விக் கடன் வட்டிக்கு முழு வரிக்கழிவு பெறலாம்.

விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் இலவசமாக முறையிடலாம்.

அட்வான்ஸ் கட்டிவிட்டோம், திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும். 2018-ல் யுஜிசி வெளியிட்ட விதிப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பு விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். அலுவலகச் செலவாக 5 சதவீதம், அதுவும் ரூ.5,000-க்கு மிகாமல் பிடிக்கலாம். கடைசி நாளுக்கு முந்தைய 15 நாளுக்குள் விலகினால் 90 சதவீதம், கடைசி நாளுக்குப் பிறகு 15 நாளுக்குள் என்றால் 80, முப்பது நாளுக்குள் என்றால் 50. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. எனவே விலகல் கடிதத்தைத் தேதியுடன் மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒரிஜினல் மதிப்பெண் பட்டியலையும் டிசியையும் பிடித்து வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை இல்லை. சரிபார்த்துவிட்டு உடனே கொடுத்துவிட வேண்டும்.