வாழவந்தியில் இரு கல்லறைகள்

ஐரோப்பாவில் ஜெனீவா நகரப் பூங்கா ஒன்றில், கிறித்தவ சமயச் சீர்திருத்தவாதிகளின் நினைவாக ஏறத்தாழ நூறு மீட்டர் நீளமுள்ள கற்சுவர் ஒன்று உள்ளது. கால்வின் பிறந்த 400ஆம் ஆண்டான 1909இல் அதற்கு அடிக்கல் நாட்டினர். கால்வின், நாக்ஸ் முதலிய நால்வர் அதன் நடுவே பேருருவச் சிலைகளாக நிற்கின்றனர். நம் கொல்லிமலைக்கு வருவோம். இங்கே செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை உண்டு. அச்சீர்திருத்த சமயத்தின் வழிவந்த ஜெசி பிராண்டு, அவர்தம் துணைவியார் எவலின் ஆகிய இருவரும் வாழவந்தியில் அருகருகே அடக்கமாகியுள்ளனர். சிலையில்லை, கல்லறைகளே உள. நினைவுச் சின்னம் என்றாலே உயரம் என்று எண்ணும் வழக்கம் நம்மவரிடையேயும் புகுந்துவிட்டமை எனக்குச் சற்று வருத்தமே.

ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த இவ்விருவரும் 1913இல் மணம் புரிந்து மலையேறினர். அந்நாளில் மலைமக்களை வாட்டியது நரம்புச்சிலந்தி நோய். புண்பட்ட காலுடன் ஒருவர் படிக்கிணற்றில் இறங்குவார்; புழு தன் குஞ்சுகளை நீரில் விடும்; அவற்றை உண்ட நுண்ணிய நீர்ப்பூச்சிகளோடு அந்நீரைப் பருகியவர் அடுத்த ஆண்டு நோயாளியாவார். ஜெசி பிராண்டு புழுவைக் குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி எடுத்தார். அதனினும் மேலாக, நீரைத் துணியில் வடிகட்டவும், கால் படாதவாறு கிணற்றைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பவும் கற்பித்தார். கிணற்று நீரின் அருமையை நம் சமூகத்தார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இந்நோய் இந்தியாவில் 1996இல்தான் முற்றும் ஒழிந்தது.

1929 ஜூன் 15 அன்று மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலால் அவர் மறைந்தார், வயது 44. இங்கிலாந்தில் பயின்றுகொண்டிருந்த மகன் பாலுக்குத் தந்தி முதலில் சேர்ந்தது. தந்தை முன்னரே எழுதிய மடல்கள் அதன்பின்னும் கப்பலில் வந்துகொண்டிருந்தனவாம். கொல்லிமலையில் 1914இல் பிறந்த அப்பிள்ளையே பிற்காலத்தில் வேலூர் மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்டு. விரல்கள் அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்றுப் போவதால் காயமுற்றே அழிகின்றன என்று அவர் நிறுவினார்.

எவலின் அம்மையார் மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின்னும் ஊர் திரும்பினாரல்லர். குதிரையேறி மலைமலையாகச் சென்றார். 1974 டிசம்பரில், 95ஆம் வயதில் மறைந்தபின் கணவரருகே அடக்கம் செய்யப்பட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். சாலையில்லாத அந்நாளில் டோலியையும் மருந்துப் பெட்டிகளையும் தோளில் சுமந்து மலையேறியவர் யாவர்? கிணற்றுச் சுவருக்குக் கல் சுமந்தவர் யாவர்? அம்மையாரைக் கண்டறிந்த முதியோர் இன்னும் மலையில் சிலரேனும் இருத்தல் கூடும். நம் சங்கத்து இளைஞர்கள் வாழவந்திக்குச் செல்லும்போது குறிப்பேடு ஒன்றை உடன்கொண்டு சென்று, அப்பெயர்களைக் கேட்டு எழுதி வருதல் வேண்டும்.