கோலமும் இலக்கணமும்: கணிமைக் கோட்பாட்டுப் பாடத்தில் தாம்பரம் ஆய்வு மரபின் இடம்

திறவுச்சொற்கள்: கணிமைக் கோட்பாடு, முறைசார் மொழி, புள்ளிக்கோலம், வேலூர் வட்டாரம், பாடத்திட்டம்

முன்னுரை

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய பாலாற்றங்கரை ஊர்கள் தோல் தொழிலால் அறியப்பட்டவை. வேலூரில் 1984இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1990இல் அரசுப் பொறியியல் கல்லூரியும் தோன்றியது. இவ்வட்டாரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற கல்லூரிகளில் கணினிப் பொறியியல் பயில்வோர்க்குக் கணிமைக் கோட்பாடு கட்டாயப் பாடமாகும். அப்பாடத்தில் தமிழகத்து ஆய்வு ஒன்று இடம்பெறாமையை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாடத்தின் வரலாறு

டூரிங் 1936இல் வகுத்த எந்திரமும், சாம்ஸ்கி 1956இல் முன்வைத்த இலக்கண வகைப்பாடும் இப்பாடத்தின் தூண்கள். ஹாப்கிராஃப்ட், உல்மன் இருவரும் 1979இல் வெளியிட்ட நூலும் அதன் திருத்தப் பதிப்புகளும் உலகெங்கும் இதன் வடிவத்தை நிலைநிறுத்தின. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிலும் தானியங்கி தொடங்கித் தீர்மானிக்கவியலாமை வரை ஐந்து அலகுகள் அவ்வழியே அமைந்தன. அவை எடுத்துக்கொள்வது ஒரே திசையில் நீளும் குறித்தொடரை மட்டுமே.

தாம்பரம் ஆய்வு

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோர் 1972 முதல் 1974 வரை வெளியிட்ட கட்டுரைகள் இவ்வெல்லையைக் கடந்தன. குறித்தொடரில் ஓர் எழுத்தின் இடத்தில் மூன்றை வைத்தால் தொடர் நீளும், அவ்வளவே. கட்டங்களாலான படத்தில் அவ்வாறு செய்தால் வரிசைகள் பிசகும். அவர்கள் கண்ட தீர்வு இருகட்ட இலக்கணம்: முதலில் கிடைவரிசை பிறக்கும், பின்னர் அதன் ஒவ்வொரு குறியிலிருந்தும் நெடுவரிசைகள் ஒருசேரக் கீழிறங்கி ஒருசேர முடியும். 1974ஆம் ஆண்டுக் கட்டுரை அணி இலக்கணங்களைக் கோலத்தோடு இணைத்தது.

வகுப்பறைக்கு ஒரு சான்று

‘இடுக்குப் புள்ளி, 7 முதல் 4 வரை’ என்னும் குறிப்பு 4, 5, 6, 7, 6, 5, 4 என ஏழு வரிசைகளைத் தருகிறது. மேலிருந்து படிக்கையில் புள்ளி கூடும் வரிசையை ‘ஏ’ என்றும் குறையும் வரிசையை ‘இ’ என்றும் குறித்தால் ஏஏஏஇஇஇ என்னும் தொடர் கிட்டும். கோலம் எவ்வளவு பெரிதாயினும் ஏற்றமும் இறக்கமும் சமம். வரம்பில்லாத அவ்வெண்ணிக்கையை முடிவுறு தானியங்கியால் நினைவில் கொள்ள இயலாது; அடுக்கு நினைவகம் உடைய தானியங்கிக்கு இயலும். மூன்றாம் அலகின் மையக் கருத்தே இது.

இதைக் கொண்டு கோலமிட்ட பெண்கள் சாம்ஸ்கியை முன்னரே அறிந்தனர் என்பது பொருந்தாது. விதியைக் கையாள்வது வேறு. விதிகளின் ஆற்றலை நிறுவுவது வேறு. முன்னதைப் பின்னதன் ஆய்வுப் பொருளாக்கியதே தாம்பரத்தார் பணி.

முடிவுரை

கமலா கிரித்திவாசன் பின்னர்ச் சென்னை ஐ.ஐ.டி.யில் இப்பாடத்தைக் கற்பித்தார். அவருடைய விரிவுரைகள் என்.பி.டி.இ.எல். தளத்தில் காணொளிகளாக உள்ளன. 2009இல் ஆர். ரமாவுடன் பாடநூலும் எழுதினார். எனவே ஆசிரியரும் நூலும் எட்டும் தொலைவில் இருந்தும் பாடத்திட்டத்தில் மட்டுமே இம்மரபு விடுபட்டுள்ளது. சூழல்சாரா இலக்கண அலகில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால், ஆம்பூர் மாணவர் இத்துறையை எங்கோ முடிந்துபோன அறிவாகக் கருதாமல், தம் வாசலிலிருந்தும் வினா எழுப்பத்தக்க துறையாகக் காண்பர்.