ஒண்ணாம் நம்பர், ஆனா முதல் கிதார் இல்லை

இன்னைக்கு எபிசோடை ஒரு நம்பர்ல இருந்து ஆரம்பிக்கலாம்: 0001.

2019 ஜூன் 20, நியூயார்க். பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழுவின் டேவிட் கில்மர் தன்னிடம் இருந்த கிதார்களை கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்கிறார். அதில் ஒன்று வெள்ளை நிற ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். அதன் பின்பக்கத்தில் ஒரு சின்ன உலோகத் தகடு. அதில் பொறித்திருக்கும் சீரியல் நம்பர்தான் அந்த 0001. 'அனதர் பிரிக் இன் த வால்' இரண்டாம் பகுதியில் வர்ற அந்த ரிதம் கிதார் இதுதான். ஏலத்தில் 18,15,000 டாலருக்குப் போனது.

அந்தச் செய்தியைப் படிச்சதும், "அடேங்கப்பா, உலகத்தோட முதல் ஸ்ட்ராட்!"னு பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன். நான் சொன்னது தப்பு. அது முதல் ஸ்ட்ராட் இல்லை. நம்பர் ஒண்ணுன்னா முதல்ல செஞ்சதுதானேன்னு நீங்க கேட்கலாம். அங்கதான் கதையே இருக்கு.

ஃபெண்டர் கம்பெனியை ஆரம்பித்த லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது. ஆனால் ஒரு பொருளை எப்படிச் செய்தால் சுலபமாகக் கழற்றி ரிப்பேர் பார்க்கலாம் என்பது தெரியும். அதனால் கிதாரின் கழுத்தை, அதாவது நெக்கை, உடம்போடு பசை போட்டு ஒட்டவில்லை. நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். கெட்டுப்போனா கழற்று, வேற மாட்டு. அவ்வளவுதான்.

இதனால் என்ன ஆச்சு? நெக் ஒரு இடத்தில் தயாராகும், பாடி இன்னொரு இடத்தில் தயாராகும், வயரிங் வேறொருவர் மேசையில் நடக்கும். நம்பர் அடித்த தகடுகள் தனியாக ஒரு பெட்டியில் கிடக்கும். கிதாரைக் கடைசியாகப் பூட்டுபவர் பெட்டிக்குள் கைவிட்டு, கையில் கிடைத்த தகட்டை எடுத்து மாட்டுவார். வரிசையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஐம்பது வருஷம் கழிச்சு ஒருத்தர் இதைப் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்ப்பார்னு அவங்க கனவா கண்டாங்க?

அப்போ உண்மையான வயசை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். நாலு ஸ்க்ரூவைக் கழற்றி நெக்கைத் தனியாக எடுத்தால், அதன் அடிப்பகுதியில் தேதி இருக்கும். ஐம்பதுகளில் பென்சிலால் எழுதினார்கள். 1962-லிருந்து ரப்பர் ஸ்டாம்ப். கில்மரின் கிதாரில் நெக் தேதி 1954 ஜூன். பாடியில் இருக்கும் தேதி அதே வருஷம் செப்டம்பர். ஆனால் முதல் ஸ்ட்ராட்டுகள் அந்த வருஷம் ஏப்ரல், மே வாக்கிலேயே வந்துவிட்டன. செப்டம்பரில் செய்த பாடி இருக்கும் கிதாரை அதற்கு முன்னால் பூட்டியிருக்கவே முடியாது. ஒண்ணாம் நம்பர் விழுந்துச்சா?

அடுத்த சாட்சி, வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பாட். 1376612 மாதிரி ஒரு எண் அதன் மேல் அடித்திருக்கும். 137 என்றால் சிடிஎஸ் என்ற கம்பெனி, 66 என்றால் 1966, 12 என்றால் அந்த வருஷத்தின் பன்னிரண்டாவது வாரம். ஆனா இது 66-ல செஞ்ச கிதார்னு உடனே முடிவு கட்டிடாதீங்க. 66-ல் ஃபெண்டர் இந்த பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்தது. அந்த ஸ்டாக் பல வருஷத்துக்கு ஓடியது. பாட் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "எனக்கு முன்னாடி இந்தக் கிதார் பிறந்திருக்க முடியாது." அதுவும் சால்டரிங்கை யாரும் தொடாமல் இருந்தால் மட்டும்.

பழைய வீடு மாதிரி யோசிச்சுப் பாருங்க. முகப்பில் சிமெண்டில் 1936 என்று இருக்கும். தேக்குத் தூண் அதற்கும் பழையதாக இருக்கலாம். சுவிட்ச் போர்டு எண்பதுகளில் மாட்டியது. இதில் வீட்டின் வயது எது? முகப்பை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது இல்லையா.

சில சமயம் இல்லாத ஒன்றே தேதியைச் சொல்லிவிடும். 1950-ல் ஃபெண்டர் 'பிராட்காஸ்டர்' என்று ஒரு கிதாரை விற்றது. கிரெட்ச் கம்பெனிக்கு ஏற்கெனவே அதே மாதிரி பெயரில் டிரம்ஸ் இருந்தது. 1951 பிப்ரவரியில் அவர்களிடமிருந்து தந்தி வந்தது. ஃபெண்டர் ஆட்கள் கத்தரியை எடுத்து லேபிளில் இருந்த பெயரை மட்டும் வெட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். 'டெலிகாஸ்டர்' என்ற பெயர் வரும்வரை வந்தவை எல்லாம் பெயரில்லாத கிதார்கள். இன்று அவற்றை 'நோகாஸ்டர்' என்கிறார்கள். லேபிளில் அந்த வெற்றிடத்தைப் பார்த்தாலே 1951-ன்னு சொல்லிடலாம்.

சரி, ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு எதுக்கு இவ்வளவு அலட்டல்? காசுதான். 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பிறகு தரம் இறங்கிவிட்டது என்பது கிதார் உலகத்தின் உறுதியான நம்பிக்கை. அதனால் 64-க்கு ஒரு விலை, 66-க்கு வேறு விலை. விலை வித்தியாசம் இருக்கிற இடத்தில் போலியும் வந்துவிடும். நெக் மாறும், தகடு மாறும், பென்சில் தேதியைக்கூடப் புதிதாக எழுதுவார்கள். எந்த ஒரு தடயத்தையும் தனியாக நம்பக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. ஐம்பதுகளின் சில நெக்குகளில் தேதியோடு 'டிஜி' என்று இரண்டு எழுத்து இருக்கும். அது டாடியோ கோமஸ் என்ற தொழிலாளியின் இனிஷியல். 1954-ன் சில ஸ்ட்ராட்டுகளைத் திறந்தால் உள்ளே ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கும். அதில் வயரிங் செய்த பெண்ணின் பெயர், மேரி என்றோ குளோரியா என்றோ. அபிகேல் இபார்ரா 1956-ல் வேலைக்குச் சேர்ந்து பிக்கப்புக்குக் கம்பி சுற்றியவர். 2013-ல் அவர் ஓய்வு பெற்றபோது, அவர் சுற்றிய பிக்கப்பைத் தேடிப்பிடித்து வாங்க ஒரு கூட்டமே இருந்தது.

கிதார் கடையை விட்டு வெளியே போகும்போது தெரிந்த பெயர் லியோ ஃபெண்டருடையது. மேடையில் தெரிந்த பெயர் கில்மருடையது. ஆனால் அதன் வயதைச் சொல்ல வேண்டும் என்று வரும்போது, வெளியே பளபளக்கும் நம்பர் கைவிட்டுவிடுகிறது. சாட்சி சொல்ல வருவது, யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்து உள்ளே பென்சிலால் எழுதிவைத்தவர்கள்தான். வரலாறு படிக்கிறதுன்னா என்னன்னு யாராவது என்கிட்ட கேட்டா, இனிமே அந்த நாலு ஸ்க்ரூவைத்தான் காட்டுவேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.