சைக்கிளும் கன்னமும்

மும்பையில் எங்க குடியிருப்பு வாட்ச்மேனை ஒருத்தர் அறைஞ்சுட்டார். உதடு கிழிஞ்சுது, நல்லவேளை பல் தப்பிச்சுது. அந்த நல்லவேளை அடிச்சவருக்கும்தான்!

1860-ல் வெள்ளைக்காரன் போட்ட தண்டனைச் சட்டப்படி சாதாரண காயத்துக்கு அதிகபட்சம் 1 வருஷம் சிறை. பல்லோ எலும்போ உடைஞ்சா அது கொடுங்காயம், 7 வருஷம் வரைக்கும் போகலாம். ஆனா சாதாரணத் திருட்டுக்கே 3 வருஷம். வாட்ச்மேனோட சைக்கிளைத் திருடியிருந்தா மூணு மடங்கு!

2024 ஜூலை 1-ல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துது. காயத்துக்கான அபராத உச்சவரம்பு 1,000 ரூபாயிலிருந்து 10,000 ஆச்சு. சிறை? அதே 1 வருஷம்.

எல்லாரையும் வருஷக்கணக்கில் உள்ளே தள்ளுங்கன்னு சொல்லலைங்க. அடுத்தவங்க பணத்தைக் காக்குற பேங்க் உத்தியோகம் எனக்கு. எனக்கே உறுத்துது: சைக்கிளைவிடக் கன்னம் மலிவா?