மெய்ப்பாடும் மின்பிம்பமும்

திருமலைக் குமரன் மலருக்கு நாடகம் பற்றி ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று மலர்க்குழு அன்பர்கள் வீடு தேடி வந்து கேட்டார்கள். முருகன் பணி, மறுக்கலாகுமா? தலப்பெருமையைப் பண்பொழியாருக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆகவே நாடகத்தை நம் வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்த கே. பாலசந்தரை எடுத்துக்கொண்டேன்.

நாடகம் நம் சீமைக்குப் புதிதன்று. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடி, மதுரை முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கரிடம் நிலம் பரிசு பெற்றார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். நாடகம் எழுதியவனுக்கு மண் கொடுத்த சீமை இது!

நாடகத்துக்கு உயிரான மெய்ப்பாடுகளை, அதாவது மெய்யில் வெளிப்படும் உணர்ச்சிகளை, தொல்காப்பியர் எட்டாக வகுத்தார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அழுகைக்குச் சொன்ன நிலைக்களன் நான்கில் இழவும் வறுமையும் உண்டு. பேராசிரியர் உரையோடு மெய்ப்பாட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பாலசந்தரின் ‘கையளவு மனசு’ நினைவுக்கு வரும். சாவை எதிர்நோக்கும் தாயாக கீதா நடித்த தொடர் அது. சாரல் காற்றில் ஆன்டெனா திரும்பிக்கொள்ளும். மொட்டைமாடியில் ஒரு பையன் கம்பியைப் பிடித்தபடி, “தெரியுதா, தெரியுதா?” என்று கத்துவான். கீழே பதில் சொல்ல ஆளிருக்காது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

1930இல் நன்னிலம் பக்கம் பிறந்து, ஏஜிஸ் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே மேடைக்கு எழுதியவர் பாலசந்தர். 1964இல் ‘தெய்வத்தாய்’ படத்துக்கு வசனம் எழுதித் திரைக்கு வந்தார். படங்களை விட்டுவிடுகிறேன். ‘ரயில் சினேகம்’ தூர்தர்ஷனில் வந்தபோது பெரிய இயக்குநர் சின்னத்திரைக்கு இறங்கிவிட்டார் என்றார்கள். இறங்கவில்லை, வசனமும் முகமுமே நாடகத்தைச் சுமந்த தம் பழைய மேடைக்குத்தான் திரும்பினார்.

தயாரிப்பாளராக அவர் செய்தது அதைவிடப் பெரிது என்பேன். அவருடைய மின்பிம்பங்கள் நிறுவனம், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தையும் நாகாவின் இயக்கத்தையும் நம்பி ‘மர்மதேசம்’ தொடரைத் தந்தது. அதில் ‘விடாது கருப்பு’ மருட்கைக்கும் அச்சத்துக்கும் இலக்கணம். மேக்கரை தாண்டி அச்சன்கோவில் கருப்பனைக் கும்பிட்டு வரும் நமக்கு, குதிரையேறி வரும் கருப்பசாமி வெறும் கதையா என்ன!

2010ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தது. 2014 டிசம்பர் 23இல் மறைந்தார்.

இளைஞர்களே, தொடருக்கு எழுதப் போகுமுன் மெய்ப்பாட்டியலை ஒருமுறை படியுங்கள். விழாக்குழுவினரே, வரும் தைப்பூசத்துக்கு மெல்லிசைக் கச்சேரியோடு குறவஞ்சிக்கும் ஓர் இரவு ஒதுக்குங்கள். குமரன் துணை நிற்பான்.