வெள்ளைக் கொடிரோசா யாருடைய பூ?



ஏப்ரலில் நுவரெலியா போனால் நம்மில் பலர் ஒரு ரோசாக் கன்றோடுதான் கொழும்பு திரும்புவோம். கொட்டாஞ்சேனை மதிலோரத்திலோ வெள்ளவத்தை மாடிவீட்டு பல்கனியிலோ வைப்போம். சில மாதத்தில் பட்டுப்போகும். "அது வெள்ளைக்காரன்ட பூ, குளிருக்குத்தான் சரி" என்று விட்டுவிடுவோம்.

வரலாறு வேறு மாதிரிச் சொல்கிறது.

வெள்ளையாகப் பூத்து மரத்தில் ஏறும் காட்டு ரோசா ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் இருக்கிறது. அதன் பெயர் ரோசா லெஷனோல்டியானா. லெஷனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1816இல் புதுச்சேரிக்கு வந்தவர். 1820இல் நமது இலங்கைக்கும் வந்தார். அவருக்கு முன்பும் அந்த மலைகளில் மனிதர் வாழ்ந்தார்கள். புத்தகத்தில் ஏறியது அவர் பெயர்.

இன்னொன்று மணிப்பூர், பர்மா, யுன்னான் பக்கத்து ரோசா ஜைகாண்டியா. பெரிய வெள்ளைப் பூ, பெரிய கொடி. 'டீ ரோஸ்' வகைகளின் மூதாதைகளில் இதுவும் ஒன்று என்கிறார்கள் தாவரவியலாளர்கள். ஐரோப்பாவின் பழைய ரோசாக்கள் பெரும்பாலும் வருடத்தில் ஒரு பருவம்தான் பூத்தன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீன ரோசாக்கள் கப்பலேறிப் போன பிறகே, கலப்பின் மூலம் அடிக்கடி பூக்கும் வகைகள் அங்கே பெருகின. 'இங்கிலீஷ் ரோஸ்' என்று நாம் வாங்குவதிலும் ஆசியாவின் இரத்தம் ஓடுகிறது.

நமக்கும் ரோசா அந்நியமல்ல. ஆங்கிலேயர் வருமுன்பே பாரசீகப் பன்னீர் இந்து சமுத்திரத்தில் வியாபாரப் பொருள். பன்னீர்ச் செம்பு நம் கலியாண வீடுகளுக்குப் புதிதா?

அப்படியானால் கன்று ஏன் சாகிறது? குளிரில் வளர்ந்ததைக் கடற்கரை வெயிலில் வைக்கிறோம். 1861இல் கொய்னா பயிரிடத் தொடங்கிய ஹக்கலைத் தோட்டம் இன்று ரோசாவுக்குப் பேர்போனது. அதனால் ரோசா என்றாலே மலைநாடு என்று நம் மனதில் பதிந்துவிட்டது. கொடைக்கானலில் வீரராகவன் என்ற ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி, அந்த ஜைகாண்டியாவையே கலந்து, வெப்ப நாடுகளுக்கென்று ரோசாக்களை உருவாக்கினார். குறை பூவில் இல்லை, நாம் தேர்ந்தெடுப்பதில்.

அடுத்த முறை கொழும்பு வெயிலிலேயே வளர்ந்த கொடிரோசாக் கன்றாகக் கேட்டு வாங்குவோம். காலை வெயில் படட்டும், சாடியில் தண்ணீர் தேங்காமல் இருக்கட்டும். கொடியை நேராக ஏற்றாமல் பக்கவாட்டில் வளைத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு பூக்கும்.

முற்றங்கள் மாடிவீடுகளாகிவிட்டன. மிஞ்சியிருக்கும் மதில்களையாவது பிள்ளைகளுக்குப் பூவோடு விட்டுவைப்போம், இன்ஷா அல்லாஹ்.